தேய்மானம்: கணக்கு நோட்டிலும் பிரேக் தட்டிலும்

"எவர்சில்வர் எங்கயாவது தேயுமா கண்ணு?"

என் தாய்மாமா கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில். பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவளுக்கு பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், நான் அதற்குள் ஆரம்பித்துவிடுகிறேன். போன முறை ரேஷன் கடை வரிசை, இந்த முறை பிரேக் தட்டு. என்ன செய்ய, இந்தப் பக்கத்துக்கு இதுதான் தலைப்பு என்று எதுவும் கிடையாதே :-)

மாமா ஏற்காட்டில் நாலு ஏ.டி.வி. வைத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஓட்டக் கொடுக்கிறார். ஏ.டி.வி. பார்க்காதவர்களுக்கு: பலூன் மாதிரி நாலு தடித்த சக்கரம், நடுவில் பைக் சீட், முன்னால் பைக் ஹேண்டில்பார். காடு, சேறு, மணல் எதிலும் போகும். சிலர் குவாட் பைக் என்பார்கள். ஒரு சுற்றுக்கு டிக்கெட் 250 ரூபாய். காப்பித் தோட்டத்தை ஒட்டிய செம்மண் பாதையில் ஏறி, மேலே திரும்பி, கிட்டத்தட்ட முப்பது மீட்டர் உயரத்தை வளைந்து வளைந்து இறங்கி, பழைய டயர் அடுக்கிய தடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் ஏ.டி.வி. பயணம். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலத்திலிருந்து சனிக்கிழமைகளில் மேலே போய் மாமாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். சம்பளம் எல்லாம் கிடையாது. மத்தியானச் சாப்பாடு, திரும்ப பஸ் காசு, அத்தை கொடுக்கும் காப்பித்தூள்.

2025 ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. என் வயதுதான் இருக்கும், ஒரு பையன் இரண்டாம் நம்பர் வண்டியில் இறங்கி வந்துகொண்டிருந்தான். கடைசி வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகக் காப்பிச் செடிக்குள் போய் நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் எழுந்து சிரித்தான், அவன் நண்பர்கள் சிரித்தார்கள், செடிக்குள் வண்டியோடு நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அந்தப் பையன் கிளம்பும்போது ஒன்று சொன்னான்: "அங்கிள், பிரேக் புடிச்சேன், லிவர் அப்படியே ஹேண்டில் வரைக்கும் வந்துருச்சு."

மாமா போய் லிவரை அழுத்திப் பார்த்தார். தொளதொள என்று இருந்தது. பத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி அழுத்தினார். கெட்டியாக இருந்தது. "பாத்தியா, ஒண்ணுமில்ல. அந்தப் பையனுக்கு ஓட்டத் தெரியல" என்று சொல்லி அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விட்டார்.

கெட்டியாகத் திரும்பி வந்ததுதான் கெட்ட செய்தி என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு மெக்கானிசம் தெரியாது, நோட்டு தெரியும். அன்று சாயங்காலம் இரண்டாம் நம்பர் வண்டியின் செலவுகளை மட்டும் தனியாக எடுத்து எழுதினேன். வண்டி ஓட ஆரம்பித்தது 2023 ஜனவரி. முதல் பிரேக் பேட் மாற்றியது 2023 டிசம்பர், அதாவது பதினோரு மாதம் ஓடியிருக்கிறது. அடுத்தது 2024 ஜூலை, ஏழு மாதம். அதற்கடுத்தது 2024 டிசம்பர், ஐந்து மாதம். கடைசியாக 2025 மார்ச், மூன்றே மாதம். 11, 7, 5, 3. ஓட்டம் ஒன்றும் அதிகமாகவில்லை; மாதத்துக்குச் சராசரியாக 200 சுற்று என்று டிக்கெட் கட்டையே சொல்கிறது. பின்னே பேட் மட்டும் ஏன் வேகவேகமாகத் தீர்கிறது?

பேட் எதன் மேல் உரசுகிறதோ அந்தத் தட்டுக்கு நோட்டில் ஒரே ஒரு பில்கூட இல்லை. இருபத்தெட்டு மாதமாக அதே தட்டு.

இதைச் சொன்னபோதுதான் மாமா அந்த எவர்சில்வர் கேள்வியைக் கேட்டார். டிஸ்க் பளபளவென்று இருக்கும், துருப்பிடிக்காது, வீட்டில் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் குடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அப்புறம் தட்டு எப்படித் தேயும்? நியாயமான கேள்விதான். சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வர் மேல் கொஞ்சம் பாசம் அதிகம், உருக்காலையே நம் ஊரில் இருக்கிறது.

பதில் இதுதான். பைக், ஏ.டி.வி. பிரேக் தட்டுகள் பெரும்பாலும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தான், ஆனால் சாப்பாட்டுத் தட்டு ரகம் இல்லை. நல்ல பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது. பிரேக் தட்டில் ஒட்டும். சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கக்கூடிய வேறு ரகம் அது. (கார்களில் இருப்பது வார்ப்பிரும்பு, அது மழையில் ஓர் இரவு நின்றாலே துருப்பிடித்துச் சிவக்கும்.) கடினமான ரகம் என்றாலும் தேயும். குடத்தின் மேல் யாரும் ஒரு நாளைக்கு நூறு தடவை பிரேக் பேட் வைத்து அழுத்துவதில்லை. அதோடு ஏ.டி.வி.யின் முன் தட்டுகள் சக்கரக் குழிக்குள்ளேயே இருக்கின்றன. சேறு உள்ளே போனால் வெளியே வர வழி குறைவு. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் எஃகைவிடக் கடினமானது. பேடுக்கும் தட்டுக்கும் நடுவில் சிக்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். தட்டில் கோடு விழும். கோடு விழுந்த தட்டு பேடைச் சுரண்டும். 11, 7, 5, 3.

சரி, அளந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இங்கேதான் நான் அசிங்கப்பட்டேன். எல்லாத் தட்டிலும் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். எங்கள் தட்டில் 3.0 மில்லிமீட்டர் என்று இருந்தது. புதிதாக இருக்கும்போது 4.0. வெர்னியர் காலிப்பரை விளிம்பில் வைத்து அளந்தேன். 3.9! மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "இருபத்தெட்டு மாசத்துல பத்துல ஒரு பங்குதான் தேஞ்சிருக்கு. இன்னும் பத்து வருஷம் வரும்."

மறுநாள் மெக்கானிக் அண்ணா வந்தார். என் கணக்கைக் கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். "பாப்பா, விளிம்புல பேட் படவே படாது. அது தேயாம அப்படியே வரப்பு மாதிரி நிக்கும். நீ வரப்ப அளந்துட்டு வயல் மேடா இருக்குன்னு சொல்ற." பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு ஒரு ரூபாய் நாணயம் எடுத்தார். முதலில் நாணயங்கள் இரண்டையும் சேர்த்து வெர்னியரில் அளந்தார். பிறகு தட்டில் பேட் உரசும் இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்து, மொத்தத்தையும் வெர்னியரில் பிடித்தார். நாணயத்தின் தடிமனைக் கழித்தால் தட்டின் தடிமன். விளிம்பு வரப்பு குறுக்கே வராது. மைக்ரோமீட்டர் இருந்தால் இந்த வித்தையே தேவையில்லை, ஆனால் மலை மேல் யாரிடம் இருக்கிறது? சுற்றி நாலைந்து இடத்தில் அளந்தோம். மிகக் குறைவான இடத்தில் 2.6.

3.0க்குக் கீழே போகக் கூடாது. இருப்பது 2.6.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் எல்லோரும் படித்திருப்போம், தேய்மானம் என்று ஓர் அத்தியாயம். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று கணக்குப் போட்டுப் போட்டு அந்தச் சொல்லின் பொருளே மறந்துபோனது எனக்கு. தேய்மானம் என்றால் தேய்வதுதான்! வண்டியின் விலையில் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று நான் நோட்டில் தேய்மானம் எழுதிக்கொண்டிருந்தேன். நிஜமான தேய்மானம் சக்கரத்துக்குள் மில்லிமீட்டரில் நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நோட்டில் எழுதுவதற்குப் பணம் செலவாகாது. தட்டில் நடப்பதற்கு ஒரு நாள் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

நேர்க்கோட்டு முறையையே தட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 28 மாதத்தில் 1.4 மில்லிமீட்டர் போயிருக்கிறது, மாதத்துக்கு 0.05. அப்படியென்றால் 20-வது மாதத்திலேயே, 2024 ஆகஸ்ட் வாக்கில், 3.0-ஐத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஓடியிருக்கிறது. மாதம் 200 சுற்று என்றால் 1,600 சுற்று. தட்டு நேர்க்கோட்டில் தேயாது, கோடு விழுந்தபின் கடைசியில்தான் வேகம் பிடிக்கும் என்று மெக்கானிக் அண்ணா சொன்னார். சரி, பாதியாகவே வைத்துக்கொள்வோம். 800 பேர். அதில் பள்ளிக்கூடச் சுற்றுலா வந்த பிள்ளைகளும் உண்டு, தேனிலவுக்கு வந்தவர்களும் உண்டு. எல்லோரும் 250 ரூபாய் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, வேண்டாம் என்று தயாரித்தவனே எழுதிவைத்த தட்டின் மேல் இறங்கியிருக்கிறார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதை எழுதும்போதும் ஒரு மாதிரிதான் இருக்கிறது, ஏனென்றால் அந்த எட்டு மாதக் கணக்கையும் எழுதி, "லாபம்" என்று அடிக்கோடு போட்டது நான்தான்.

"ஆனா பிரேக் புடிக்குதே?" இது மாமாவின் அடுத்த கேள்வி. தேய்ந்த தட்டின் விஷமமே இதுதான். தட்டையான இடத்தில், மெதுவாகப் போகும்போது, 2.6 தட்டும் பிடிக்கும். வேறுபாடு இறக்கத்தில்தான் தெரியும். பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, வேறொன்றும் இல்லை. என் இயற்பியல் தோழியிடம் கேட்டுப் போட்ட கணக்கு: வண்டி 270 கிலோ, ஆள் 70 கிலோ, இறங்கும் உயரம் 30 மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜூல். இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தை எஞ்சினும் டயரும் வாங்கிக்கொள்ளும். ஆனால் முதல் முறை ஓட்டுகிறவர் பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டேதான் வருவார். ஆக, பெரும்பகுதி அந்தத் தட்டுகளுக்குத்தான். 4.0 இருக்க வேண்டிய இடத்தில் 2.6 இருந்தால், சூட்டை வாங்க வேண்டிய எஃகில் முப்பத்தைந்து சதவீதம் காணாமல் போயிருக்கிறது. அதே சூடு, குறைந்த எஃகு. தட்டு இன்னும் சூடாகும், பேட் வழியாக கேலிப்பருக்கும் அங்கே நிற்கும் பிரேக் ஆயிலுக்கும் அது போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியபிறகு அந்த எல்லை 155. டாட் 3 என்றால் இன்னும் கீழே, 205-ம் 140-ம். கொதித்தால் ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அழுக்க முடியாது, ஆவியை அழுக்கலாம். அதனால் லிவர் தொளதொள என்று ஹேண்டில்வரை வரும். ஆறினால் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், லிவர் கெட்டியாகிவிடும், "ஒண்ணுமில்ல" என்று நாம் அடுத்த டிக்கெட்டைக் கிழிப்போம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த வண்டியின் பிரேக் ஆயிலும் கறுத்துப்போய்த்தான் இருந்தது, வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. ஆயில் பாதி காரணமா, தட்டு பாதி காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இன்னொன்றும் உண்டு. தட்டு மெலிய மெலிய கேலிப்பரின் பிஸ்டன் அதிகம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பேடும் தேய்ந்துபோன அன்றைக்கு, சீலைத் தாண்டி வந்து ஆயில் ஒழுக வாய்ப்பு உண்டு. அது ஆறினாலும் திரும்பாது.

மாமாவை நான் வில்லனாக்கவில்லை. அவருக்கு எதிரே மே மாதம் இருந்தது. ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மாதம், அந்த ஒரு மாத வருமானம்தான் ஐப்பசி மழையில் வண்டி சும்மா நிற்கும் மாதங்களைத் தாங்கும். தட்டு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். சீசனில் ஒரு வண்டி நாளுக்குப் பதினைந்து சுற்று போகும்; பத்து நாள் நிறுத்தினால் 37,500 ரூபாய். "விழா முடியட்டும் கண்ணு, ஜூன்ல மாத்திடலாம்" என்றார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வட்டி கட்டுகிற மனிதனின் பேச்சு அது. ஆனால் அந்தப் பத்து நாளில் 150 பேர் அதில் இறங்கியிருப்பார்கள்.

சீக்கிரம் முடிக்க இரண்டு குறுக்குவழிகளும் வந்தன. ஒன்று, லேத்தில் கொடுத்துச் சீவி எடுப்பது. லாரி டிரம்முக்கு ஸ்கிம்மிங் போடுகிறார்களே, அதே மாதிரி. லாரி டிரம் தடித்த வார்ப்பிரும்பு, எல்லை தாண்டாதவரை சீவலாம். நாலு மில்லிமீட்டர் தட்டில் சீவ என்ன இருக்கிறது? கோடு போகும், கூடவே இருக்கிற சதையும் போகும். 2.6-ஐச் சீவினால் 2.2. இரண்டாவது வழி, பழைய தட்டை மாதிரியாகக் கொடுத்தால் லேசரில் அப்படியே வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், விலையும் மூன்றில் ஒரு பங்கு. பார்வைக்கு அச்சு அசல். ஆனால் என்ன எஃகு, கடினப்படுத்தியதா, தட்டையாக இருக்கிறதா என்று கேட்டால் "நல்ல ஷீட்டுங்க" என்பதுதான் பதில். காந்தம் ஒட்டும் என்றார். காந்தம் சாதாரண இரும்பிலும்தான் ஒட்டும்! இந்த இடத்தில் மெக்கானிக் அண்ணாவே என் பக்கம் வந்துவிட்டார். அவர் வராவிட்டால் மாமா கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

வண்டியை நிறுத்தினோம். தட்டு ஒன்பதாம் நாள் வந்தது.

மாற்றுகிற வேலையை நான் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன், பாதி நேரம் டார்ச் பிடித்தேன். பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக்கி. சக்கரம் கழற்றியதும் கேலிப்பர். கேலிப்பரைக் கழற்றி அதன் ஹோஸிலேயே தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், அதனால் கட்டுக்கம்பி போட்டுச் சட்டத்தில் கட்டினார். பிறகு காட்டர் பின், நடு நட்டு, ஹப். தட்டு ஹப்போடு போல்ட்டில் இறுகி இருக்கிறது. அந்த போல்ட்டுகள்தான் ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டன. மரையில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். சும்மா ஆலன் கீ போட்டு முறுக்கினால் தலை வழுக்கிப் போகும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டிப் பசையை இளக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய போல்ட்டைத் திரும்பப் போடவில்லை, புது போல்ட்தான். காட்டர் பின்னும் புதிது. இதெல்லாம் சேர்த்தே தட்டோடு ஆர்டர் செய்ய வேண்டும். எழுதிவைத்துக்கொண்டேன்.

தட்டு உட்காரும் இடத்தில் மண்ணோ துருவோ ஒரு பொடி இருந்தாலும் தட்டு கோணி நிற்கும், லிவரில் துடிப்பு தெரியும் என்று ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தார். புதுத் தட்டின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காமல் மாட்டினால் பேட் எண்ணெய் குடித்து முதல் நாளே கெடும். போல்ட்டுகளைச் சுற்று வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, டார்க் ரென்ச் வைத்து இறுக்கினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை, இரண்டு பக்கமும்தான். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மார்ச்சில் போட்ட பேட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பழைய தட்டின் கோடுகளுக்கு ஏற்றபடி வரிவரியாக வடிவெடுத்திருந்தது. அதைப் புதுத் தட்டில் போட்டால் மேடுகள் மட்டும்தான் தொடும். தூக்கிப் போட்டார். மாமா முகம் சுண்டியது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

புதுத் தட்டும் புது பேடும் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கும், பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். பழைய ஆயில் மொத்தத்தையும் வெளியேற்றிப் புதிது ஊற்றினார். கடைசியில் ஒன்று செய்தார், இதை மறந்தால் அவ்வளவுதான்: வண்டியை நகர்த்தும் முன் லிவரைப் பத்து இருபது முறை அடித்து, கெட்டியான பிறகே ஸ்டார்ட் செய்தார். பேட் தட்டைத் தொடும்வரை முதல் சில அழுத்தங்களுக்கு பிரேக்கே இருக்காது. பிறகு தட்டையான இடத்தில் மெதுவாக ஓட்டி, பிடித்து, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, பேடையும் தட்டையும் ஒன்றோடொன்று பழக்கினார். டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தது மறுநாள்தான்.

செலவைப் பாருங்கள். தட்டு இரண்டு 5,600. போல்ட், பின், ஆயில், கிளீனர் 1,200. கூலி 1,200. மொத்தம் 8,000 ரூபாய். பேட் செலவு தனி, அதுதான் ஏற்கெனவே நோட்டில் வருகிறதே. ஒரு ஜோடித் தட்டு எல்லையைத் தொட 20 மாதம், 4,000 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு ரூபாய். 250 ரூபாய் டிக்கெட்டில் இரண்டு ரூபாய்! இந்த இரண்டு ரூபாயை யாரும் மிச்சம் பிடிக்க நினைக்கவில்லை. எண்ணாயிரமாக ஒரே நாளில், அதுவும் சீசனில், கையில் பணம் இல்லாத நேரத்தில் வந்து நின்றதுதான் பிரச்சினை. ஒவ்வொரு சுற்றிலும் செலவு ஆகிக்கொண்டேதான் இருந்தது, பில் மட்டும் வரவில்லை.

"அப்ப ப்ரொவிஷன் போடுங்க மாமா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். வகுப்பில் போய்ப் பெருமையாகச் சொன்னபோது எங்கள் பேராசிரியர் சிரித்தார். கணக்கியல் தரநிலை 29 படிக்கவில்லையா என்றார். எதிர்காலத்தில் வண்டியை ஓட்டுவதற்காக ஆகப்போகும் பழுதுச் செலவுக்கு இன்றைக்கு ஒதுக்கீடு காட்ட அது அனுமதிக்காது. இன்றைக்கு யாருக்கும் நாம் கடன்பட்டிருக்கவில்லை என்பது அதன் வாதம். வண்டியை நாளைக்கே விற்றுவிட்டால் அந்தச் செலவே இல்லையே! தரநிலையின் பார்வையில் சரிதான். ஆனால் வண்டி நாளைக்கும் ஓடப்போகிறது என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கணக்குப் புத்தகத்தில் காட்டாமல் ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். உண்மையாகவே ஒரு டப்பா, பழைய காப்பித்தூள் டப்பா. டிக்கெட் கட்டை ஒன்று தீர்ந்தால், அதாவது நூறு சுற்றுக்கு, 200 ரூபாய் உள்ளே. தரநிலை எழுதியவர்கள் மன்னிக்கவும்.

பணத்தைவிட நேரம்தான் பெரிய எதிரி என்பதையும் இதில் கற்றேன். பத்து நாள் நின்றதற்குக் காரணம் தட்டு மாற்றுவது இல்லை, அது அரை நாள் வேலை. தட்டு கையில் இல்லாததுதான். கடைக்காரர் அரிசி மூட்டை தீர்ந்தபிறகா ஆர்டர் போடுகிறார்? மறு கொள்முதல் அளவு என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். அதைத்தான் இங்கேயும் போட வேண்டும்: 3.3 வந்தால் ஆர்டர், 3.0 வருவதற்குள் மாற்றம். நாலு வண்டிக்கும் ஒரே தட்டு என்பதால் ஒரு ஜோடி எப்போதும் அலமாரியில் இருந்தால் போதும். ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் அலமாரியில் தூங்குகிறது என்று மாமா முணுமுணுக்கிறார். 37,500 விழித்திருக்க அது தூங்கலாம்.

இதையெல்லாம் மாமாவே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏற்காடு மலையேறும் பஸ்ஸுக்கும் வேனுக்கும் எஃப்.சி. உண்டு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு. அலுத்துக்கொண்டாவது அந்த நாளுக்கு முன் பிரேக்கைப் பார்த்துவிடுவார்கள். மாமாவிடம் இருப்பது மாதிரி, சாலைக்கே வராத, ரிஜிஸ்டர் செய்யாத வண்டிக்கு எஃப்.சி. கிடையாது. அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது? 1970-ல் ஹோண்டா அங்கே கொண்டுவந்த மூன்று சக்கர ஏ.டி.வி.கள் கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களை வாங்கியபின், 1988-ல் நீதிமன்ற உடன்பாட்டின் மூலம் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். நாலு சக்கர வண்டிகளுக்கான தரம் 2008 சட்டத்தால்தான் கட்டாயமானது. அதுவும் புதிதாக விற்கும் வண்டிக்கு. இருபது மாதம் ஓடித் தேய்ந்தபின் யார் அளப்பது?

அதிகாரி வந்து அளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு தொகை தனியாக ஒதுக்க வேண்டிவரும், புரியும் என்று நினைக்கிறேன் ;-) டிக்கெட் கவுன்டரில் ஒரு பலகை போதும். வண்டி எண், தட்டு கடைசியாக அளந்த தேதி, எத்தனை மில்லிமீட்டர், குறைந்தபட்சம் எத்தனை. ஓட்டலில் இன்றைய ஸ்பெஷல் எழுதுவது போல சாக்பீஸில். எந்த மலையில் ஏ.டி.வி. ஓட்டப் போனாலும் நீங்களும் கேளுங்கள்: அண்ணா, தட்டு எவ்வளவு இருக்கு? பதில் சொல்லத் தெரியாதவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, ஆனால் அளந்ததில்லை என்று அர்த்தம். அதோடு மேலேயே, ஏறும் முன், நின்ற இடத்தில் லிவரை ஒரு முறை முழுக்க அழுத்திப் பாருங்கள். ஹேண்டிலைத் தொட்டால் இறங்கி வந்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

மாமா பலகைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றவன் பயந்துருவான்" என்கிறார். நோட்டில் எழுத மட்டும் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நானும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும். ஆரம்பித்த மாதம் ஒன்றாம் நம்பர் வண்டி 3.2 காட்டியது. மாமா அதைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்குள், போனை எடுத்து ஆர்டர் போட்டார். பிறகு காப்பித்தூள் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்து, "இன்னும் அஞ்சாயிரம் குறையுது கண்ணு" என்றார்.

டிஸ்கி: அந்த இரண்டு நாணயங்களையும் மெக்கானிக் அண்ணா திருப்பிக் கேட்கிறார். கணக்கில் எழுதியிருக்கிறேன் அண்ணா, சீசன் முடிந்ததும் தந்துவிடுகிறேன்.